பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்: முக்கியமாகப் பின் சக்கர நடுவில் இருக்கும் அந்த ஹப்

2022இல் பெட்ரோல் வரிசையில் காய்ந்த நாட்களில்தான் மலையகத்தில் பழைய சைக்கிளுக்கு மறுபடி மவுசு வந்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட, புதுச் சைக்கிள் விலை கைக்கு எட்டாமல் போனது. லயத்துக் கோடியில் கோழி ஏறி உட்கார்ந்திருந்த ராலி, ஹம்பர் என்ற பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களை ஆட்கள் தேடி வந்து கேட்டார்கள். பெட்ரோல் வந்துவிட்டது, ஏறிய விலை மட்டும் இறங்கவில்லை.

ஹட்டனில் பழைய சைக்கிள் பிரித்து மாட்டுவது என் வேலை. தம்பிமார் இப்போது கொண்டுவரும் வண்டிகளில் நான் அந்தக் காலத்தில் செய்த பிழைகளையே பார்க்கிறேன். டயர் தேய்ந்ததா, செயின் துருப்பிடித்ததா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது கண்ணுக்கே தெரியும்.

பெயரைப் பார்த்துப் பணம் கொடுப்பது

ராலி என்ற ஸ்டிக்கரை எந்தச் சட்டகத்திலும் ஒட்டலாம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்த ராலியில், ஹேண்டில் சுற்றும் இடத்தில் இருக்கும் ஹெட் கப்புக்கும் பெடல் அச்சுக்கு இருக்கும் பெடல் கப்புக்கும் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற வண்டிகளில் பெரும்பாலும் 24தான். வித்தியாசம் தெரியாமல் கடையில் கிடைத்த கப்பை ஸ்பேனர் போட்டு இறுக்கினால், சட்டகத்தின் மரை போய்விடும். கையால் சுற்றும்போதே ஏற வேண்டும். ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கியர் ஹப்பைக் கழற்றி இரும்புக்குப் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

பல வருடங்களுக்கு முன், லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓய்வுபெற்ற டிஸ்பென்சர் ஐயாவிடம் ஒரு ராலி வாங்கினேன். பின் சக்கரத்தின் நடுவில், உள்ளேயே கியர் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். ஏற்றத்தில் மிதித்தால் பெடல் திடீரென்று வெறுமனே சுற்றும். கியர் செத்துவிட்டது என்று நானே தீர்ப்பு சொல்லி, கியர் இல்லாத சாதாரண பிரீவீல் சக்கரம் ஒன்றை மாட்டினேன். ஹப்பைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டேன். வண்டியைக் கொடுக்கும்போது ஐயா, "இதுலதான் முப்பது வருசம் இந்த மலையெல்லாம் ஏறுனேன் தம்பி" என்று சொன்னார். அந்தச் சொல் அன்று என் காதில் ஏறவில்லை.

அந்த ஹப் சாகவேயில்லை. ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ வகை ஹப்பில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவில் எதையும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் சரியாக இழுபடாவிட்டால் ஹப் அங்கே போய் நின்றுவிடும், பெடல் சும்மா சுற்றும். எழுந்து நின்று மிதிக்கிறவர் கீழே விழுவார். லீவரை இரண்டில் வைத்து, வலதுபக்க நீள நட்டின் ஓட்டை வழியாகப் பாருங்கள். கேபிளின் சின்னச் சங்கிலி கோத்திருக்கும் கம்பியின் முனை அச்சின் முனையோடு மட்டமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிளைத் திருகிச் சரிசெய்யலாம். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது எண்ணெய். நம் ஆட்கள் ஹப்புக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும், நுவரெலியாக் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாள்பட்டால் உள்ளே பிசினாகிப் பற்களை ஒட்ட வைத்துவிடும். ஹப்பின் உடலில் உள்ள சிறு மூடியைத் திறந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, வடியவிட்டு, அப்புறம் ஒரு தேக்கரண்டி மெல்லிய மெஷின் எண்ணெய் விடுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

காசுக்கணக்கும் இருக்கிறது. ஹப்பின் மேல் ஏ.டபிள்யூ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 56, 61 என்று இரண்டு இலக்கம் வெட்டியிருக்கும். அது ஹப் செய்த வருடம். சக்கரம் மாற்றப்படாத வண்டியென்றால் வண்டியின் வயதும் அதை ஒட்டியே இருக்கும். சேகரிக்கிறவர்கள் வந்தவுடன் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான். பிரீவீல் மாட்டிய என் ராலிக்கு, ஹப்போடு இருந்தால் வந்திருக்கும் விலையில் பாதிதான் கேட்டார்கள். அதைவிட, நம் ஊரில் ஓட்டுவதற்கே அந்த ஹப் வேண்டும். முதல் கியர் மிதியைக் கால் பங்கு இலேசாக்கும். அதுவும் போதாவிட்டால் ஹப்பில் செயின் ஓடும் 18 பல் சக்கரத்தைக் கழற்றி 22 போடலாம். சமவெளிக்காரர்கள் கியர் இல்லாமலும் சமாளிப்பார்கள். கொட்டகலை ஏற்றத்தில் நாம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

போன மாதம் நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். பெரிய விலை கொடுத்து வாங்கிய ராலி, பின்னால் பளபளவென்று புதுச் சக்கரம். "பழசு எங்கே?" என்றேன். "கடையிலேயே வெச்சுக்கிட்டாங்க அண்ணே, குப்பைதானேன்னு" என்றார். அன்று மாலையே அவரைத் திருப்பி அனுப்பினேன். நல்லவேளை, ஹப் கடையின் மூலையிலேயே கிடந்தது.

வெயிலில் மட்டும் பிரேக் பார்ப்பது

ஸ்டீல் ரிம் நனைந்தால் கம்பி பிரேக் பிடிக்கவே பிடிக்காது. ரிம்மில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். றம்பொடை இறக்கத்தில் மழை வந்தபிறகு யோசித்துப் பயனில்லை.

விற்பதற்காகப் புதுப் பெயின்ட்

அடிக்காதீர்கள்.

சட்டகத்தில் ராவி அழித்த நம்பர்

வாங்காதீர்கள். நம்பர் சரியாக இருந்தால், விற்பவர் கையால் அதை ஒரு தாளில் எழுதி, பெயரும் திகதியும் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே பழைய சக்கரம், பழைய சீட், கழற்றிப் போட்ட விளக்கு ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப் எடுத்துக் கொடுத்த வீடுகள் உண்டு.