சிவக்கும் நரம்பு: செடிக்குள் குட்டி ஆர்என்ஏ ஊர்வதைக் கண்ணால் பார்ப்பது எப்படி

ஒரு மரபணு அணைவதையும், அதை அணைக்கச் சொன்ன உத்தரவு ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்குப் போவதையும் நுண்ணோக்கி இல்லாமலே பார்த்துவிடலாம். தேவைப்படுவது 16சி என்ற பெயருள்ள நிக்கோடியானா பெந்தாமியானா (புகையிலையின் உறவு) செடி, ஜிஎஃப்பி மரபணுவைச் சுமக்கும் அக்ரோபாக்டீரியம் (செடிக்குள் மரபணுவைப் புகுத்தும் பாக்டீரியா), கையில் பிடிக்கும் புற ஊதா விளக்கு. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தச் சோதனையைத்தான். இதைச் செய்து முடித்தவருக்கு ஆர்என்ஏ ஒடுக்கத்தை, அதாவது குட்டி ஆர்என்ஏ ஒரு மரபணுவை அணைப்பதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

16சி செடியின் செல்கள் எல்லாம் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் புற ஊதா ஒளியில் செடி பச்சையாக மின்னும். அந்தப் புரதம் நின்றுபோனால், அடியில் மறைந்திருந்த பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வு வெளியே தெரியும். ஆகவே சிவப்பு என்றால் மரபணு அணைந்துவிட்டது என்று பொருள். சாயம் வேண்டாம், இலையை வெட்ட வேண்டாம், அதே இலையை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

செல்லுக்குள் நடப்பது இது. பாக்டீரியா வழியாக ஜிஎஃப்பி மரபணுவை இலையில் கூடுதலாகப் புகுத்தும்போது, அங்கே அந்த ஆர்என்ஏ அளவுக்கு மீறிச் சேர்கிறது. அதில் ஒழுங்கற்ற பிரதிகளைப் பிடித்து, ஆர்டிஆர்6 என்ற நொதி இரட்டை இழையாக்குகிறது. இரட்டை இழையைக் கண்டால் டைசர் வகை நொதிகள் சும்மா விடாது. டிசிஎல்4 அதை 21 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் ஓர் எழுத்து) நீளத்துக்கும், டிசிஎல்2 22 நீளத்துக்கும், டிசிஎல்3 24 நீளத்துக்கும் நறுக்கும். இந்தத் துண்டுகள்தாம் குட்டி ஆர்என்ஏ. ஹென்1 நொதி துண்டுகளின் முனையில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிச் சிதையாமல் காக்கும். பிறகு ஆர்கோனாட்1 ஓர் இழையை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவைத் தேடி வெட்டுகிறது. செடியின் சொந்த ஜிஎஃப்பி ஆர்என்ஏவும் அதே வரிசைதானே, அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. 24 நீளத் துண்டுகளின் வேலை வேறு. அவை ஆர்கோனாட்4 உடன் சேர்ந்து டிஎன்ஏ மீதே மெத்தில் குறிகளைப் போட வைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

செடிக்கு மூன்று நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஐந்தாறு இலை விரிந்திருக்கட்டும், பூமொட்டு தெரியக் கூடாது. மொட்டு வந்த செடியில் செய்து, "ஒன்றுமே தெரியவில்லை" என்று வருகிறவர்கள் உண்டு. உத்தரவைப் பெற்றுக்கொள்ள இளம் இலைகள் இனி வராது என்றால் எதைப் பார்ப்பது? வளர்ப்பறை 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். 15 டிகிரிக்கு இறங்கினால் குட்டி ஆர்என்ஏ உருவாவதே மந்தமாகிவிடும், ஒடுக்கம் நடக்காது. சோதனை தோற்றதாகச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அறை வெப்பநிலையைத்தான்.

பாக்டீரியாவை 28 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, சுழற்றிப் படியவைத்து, புதிய கரைசலில் கலக்குங்கள். 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்இஎஸ் (பி.எச். மாறாமல் வைக்கும் பொருள்), பி.எச். 5.6, அதோடு 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன். 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.5 முதல் 1 வரை போதும். அறை வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிடுங்கள். அசிட்டோசிரிங்கோன் பாக்டீரியாவின் கடத்தல் மரபணுக்களை உசுப்ப அந்த நேரம் வேண்டும்.

எந்த இலையில் செலுத்துவது என்பதில்தான் முழுச் சோதனையும் நிற்கிறது. உத்தரவு தொலைதூரம் போவது ஃபுளோயம் வழியாக, சர்க்கரை போகும் திசையில். முழுதாக விரிந்த கீழ் இலைகள் சர்க்கரையை அனுப்புகிறவை. நுனியிலுள்ள இளம் இலைகள் வாங்குகிறவை. அனுப்பும் இலையில் செலுத்தினால்தான் உத்தரவு கிளம்பும். கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று மேல் இலையில் குத்தாதீர்கள்.

செடிக்கு முன்கூட்டியே நீர் ஊற்றி, வெளிச்சத்தில் வைத்து இலைத்துளைகளைத் திறக்க விடுங்கள். ஊசி மாட்டாத 1 மி.லி. சிரிஞ்சின் வாயை இலையின் அடிப்பக்கம் வைத்து, மேல்பக்கம் விரலால் தாங்கி, மெதுவாகத் தள்ளுங்கள். கரைசல் பரவும் இடம் நனைந்த கரும்பச்சையாகத் தெரியும். அந்த எல்லையை அப்போதே மார்க்கரால் கோடு போட்டுவிட வேண்டும். ஈரம் காய்ந்தபின் எல்லை எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் அளக்கப்போவதோ அந்த எல்லையைத் தாண்டி நடப்பதை.

ஒரே சமயத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் துணைச்செடிகளையும் தயார் செய்யுங்கள். ஜிஎஃப்பி இல்லாத வெறும் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) உள்ள பாக்டீரியா செலுத்திய 16சி ஒன்று, எதுவும் செலுத்தாத 16சி ஒன்று, ஜிஎஃப்பியே இல்லாத சாதாரண பெந்தாமியானா ஒன்று. கடைசியாகச் சொன்னது முழுச் சிவப்பு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க. ஜிஎஃப்பியோடு பி19 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துச் செலுத்திய செடி ஒன்றும் இருந்தால் மிக நல்லது. பி19, 21 நீள இரட்டைத் துண்டுகளை அளந்து பிடித்துக்கொள்ளும் புரதம். செடியின் இந்தத் தற்காப்பை முறியடிக்கத் தக்காளிப் புதர்க்குட்டை வைரஸ் குடும்பம் வைத்திருக்கும் ஆயுதம் அது. அது இருக்கும் இடத்தில் பச்சை மங்காது. துணைச்செடிகள் இல்லாத படத்தை யார் காட்டினாலும் நான் நம்புவதில்லை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மூன்றாம் நாள் விளக்கைப் பிடித்தால், செலுத்திய இடம் மற்ற இடத்தைவிடப் பிரகாசமான பச்சையாக இருக்கும். பயப்பட வேண்டாம், புதிதாக நுழைந்த மரபணு வேலை செய்கிறது. ஐந்து முதல் ஏழு நாளுக்குள் அது மங்கிச் சிவக்கத் தொடங்கும். அப்போது மார்க்கர் கோட்டுக்கு வெளியே பாருங்கள். பாக்டீரியா போகாத இடத்தில் மெல்லிய சிவப்பு விளிம்பு ஒன்று தெரியும். அதன் அகலம் 10 முதல் 15 செல்கள். குட்டி ஆர்என்ஏ பிளாஸ்மோடெஸ்மேட்டா என்ற இடைத்துளைகள் வழியாகச் செல் செல்லாக நடந்து, பெருக்கம் இல்லாமல் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் இந்த விளிம்பைக் குனிந்து பார்க்கும் ஆர்வக்கோளாறு வேண்டாம்.

இரண்டாம் வாரம் பார்வையை மேலே திருப்புங்கள். செலுத்தாத இளம் இலைகளில் முதலில் நரம்புகள் மட்டும் சிவக்கும். பச்சைத் தாளில் சிவப்பு மையால் நரம்பை வரைந்தது போல இருக்கும். பிறகு நரம்பிலிருந்து இலைப்பரப்புக்குள் பரவும். அப்புறம் வரும் புது இலைகள் முழுச் சிவப்பாகவே விரியலாம். ஏற்கெனவே முதிர்ந்த இலைகள் பச்சையாகவே நிற்கும், பக்கத்திலேயே இருந்தாலும். இதில் எனக்கு மிகப் பிடித்தது பாதி வளர்ந்த இலை. இலை நுனியிலிருந்து அடி நோக்கி முதிரும். நுனி சர்க்கரை வாங்குவதை நிறுத்திய பிறகும் அடிப்பகுதி வாங்கிக்கொண்டிருக்கும். அந்த இலையில் அடி சிவப்பு, நுனி பச்சை. சர்க்கரையின் பாதையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் கிடையாது. தண்டின் உச்சியில் இருக்கும் ஆக்குத்திசு மட்டும் எல்லாவற்றுக்கும் நடுவே பச்சையாக இருக்கும். உத்தரவு அங்கே நுழைவதில்லை.

இப்போது சந்தேகப்படுங்கள். மேலே சிவந்தது பாக்டீரியா ஊர்ந்து போனதாலோ? இதற்கு இரண்டு வழியில் பதில் தேடலாம்.

எளிய வழி, செலுத்திய இலையை வெட்டுவது. சில செடிகளில் முதல் நாளே, சிலவற்றில் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் நாள் என்று வெட்டிவிட்டு, எந்த நாளுக்குப் பிறகு வெட்டியும் மேல் இலை சிவக்கிறது என்று பாருங்கள். உத்தரவு இலையை விட்டுக் கிளம்பிய நேரம் அதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது ஒட்டுக்கட்டுவது. முழுதாகச் சிவந்த 16சி செடியை வேர்க்கட்டையாக வைத்து, அதன் தண்டைப் பிளந்து, பச்சையாக இருக்கும் 16சியின் ஒட்டுத்தண்டை ஆப்பு வடிவில் சீவிச் செருகிப் பாராஃபிலிமால் இறுக்குங்கள். ஈரம் போகாமல் ஒரு வாரம் பாலித்தீன் பையால் மூடி, பிறகு சிறிது சிறிதாகத் திறங்கள். வேர்க்கட்டையில் இலைகளை விட்டுவையுங்கள். ஒட்டுத்தண்டின் பெரிய இலைகளை எடுத்துவிடுங்கள். மேல்பக்கம் தானே சர்க்கரை செய்துகொண்டால் கீழிருந்து எதற்கு வாங்கப்போகிறது? இடையில் ஜிஎஃப்பி இல்லாத சாதாரணத் தண்டு ஒன்றை வைத்தும் ஒட்டலாம். 1997இல் பலாகியும் குழுவினரும் புகையிலையில் நைட்ரேட் ரிடக்டேஸ் மரபணுவை வைத்து இப்படிச் செய்தபோது, உத்தரவு 30 செ.மீ. வரையிலான சாதாரணத் தண்டைத் தாண்டிப் போனது. அதே ஆண்டு வொய்னெட்டும் பால்கோமும் பெந்தாமியானாவில் ஜிஎஃப்பியை வைத்துக் காட்டினார்கள். பயணிப்பது என்ன பொருள் என்று அப்போது தெரியவில்லை. 1999இல் ஹாமில்டனும் பால்கோமும் 25 நியூக்ளியோடைடு அளவிலான ஆர்என்ஏவைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் அளவு தெரிந்தது. 2010இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச்செடியின் ஒட்டுச்செடிகளில் 24 நீளத் துண்டுகள் தண்டிலிருந்து வேருக்குப் போய் அங்கே டிஎன்ஏ மெத்தில் குறிகளை மாற்றுவதையும் பார்த்துவிட்டார்கள்.

ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் வசதி இருந்தால் ஒரு படி மேலே போகலாம். ஜிஎஃப்பி மரபணுவின் முன்பாதியை மட்டும் பாக்டீரியாவில் வைத்துச் செலுத்துங்கள். பின்பாதியை நீங்கள் கொடுக்கவே இல்லை. மேல் இலை சிவந்த பிறகு அதன் ஆர்என்ஏவை 15 சதவீத யூரியா ஜெல்லில் ஓட்டி, பின்பாதிக்கான துருவியால் (அந்த வரிசையோடு மட்டும் ஒட்டும் அடையாளத் துண்டு) தேடுங்கள். பின்பாதிக்குச் சொந்தமான குட்டி ஆர்என்ஏ அங்கே பட்டையாகத் தெரியும். வந்த துண்டுகள் தூண்டிவிட, வாங்கிய இலையே தன் தூது ஆர்என்ஏவை வைத்து ஆர்டிஆர்6 மூலம் புதிய துண்டுகளைச் செய்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தும் உத்தரவு நீர்த்துப்போகாததற்குக் காரணம் இந்தப் பெருக்கம்.

இதை வைத்து எல்லாக் குட்டி ஆர்என்ஏவும் இப்படித்தான் என்று எழுதிவிடாதீர்கள். பாஸ்பேட் குறைந்தால் தண்டில் உருவாகி வேருக்கு இறங்கும் மைக்ரோ ஆர்என்ஏ399, வேரில் பிஎச்ஓ2 என்ற மரபணுவை அடக்கி, பாஸ்பேட் உறிஞ்சலைக் கூட்டுகிறது. அது பெருக்கச் சங்கிலியை நம்பி ஓடுவதில்லை.

விதை எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சிவந்த செடியின் விதையை முளைக்க வைத்தால் நாற்றுகள் பச்சையாகவே வரும். இந்த வகை ஒடுக்கம் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. ஆகவே அடுத்த சுற்றுக்கு அதே செடியிலிருந்து விதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒட்டுக்கான சிவப்பு வேர்க்கட்டைகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். மரபணுவில் புரதத்துக்கான குறியீட்டுப் பகுதிக்குப் பதில், அதை இயக்கிவைக்கும் முன்னியக்கிப் பகுதியைக் குறிவைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மெத்தில் குறிகள் விதைக்குள்ளும் போகக்கூடும், அந்த விதையைத் தனியாகப் பெயரெழுதி வையுங்கள். மற்றபடி செடி, மண், சிரிஞ்சு எல்லாம் ஆட்டோகிளேவுக்கு (நீராவியால் கிருமி கொல்லும் கருவி) போன பிறகே குப்பைக்கு.