அவனையா, அவனுக்கா? பிரெஞ்சில் லு, லா, லுயி

பிரெஞ்சு படிக்கிறவர்கள் 'அவனை', 'அவனுக்கு' போன்ற பிரதிப்பெயர்களில் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம், ஆங்கிலம் வழியாக யோசிப்பது. ஆங்கிலத்தில் 'அவளை' வினைக்குப் பின்னால் வரும், பிரெஞ்சில் முன்னால் வரும். தமிழிலும் முன்னால்தானே? 'ஜு லா வுவா' என்பதை அப்படியே வைத்துப் பாருங்கள்: நான், அவளை, பார்க்கிறேன். 'இல் மு லு தொன்': அவன், எனக்கு, அதை, தருகிறான். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை.

எழுவாய் பெரிய விஷயமில்லை. தமிழில் 'வந்தேன்' என்றாலே நான் என்று புரிந்துவிடும், பிரெஞ்சில் ஜு, து, இல் எதையும் விழுங்க முடியாது. து என்றால் நீ, வூ என்றால் நீங்கள், மரியாதைக் கணக்கு கிட்டத்தட்ட நம்முடையதுதான்.

சிக்கல் செயப்படுபொருளில் இருக்கிறது, அதிலும் படர்க்கையில் மட்டும். மு (என்னை), து (உன்னை; 'நீ' என்ற து வேறு சொல்), நூ (எங்களை), வூ (உங்களை) நான்கும் 'ஐ'க்கும் 'கு'வுக்கும் ஒரே வடிவம் என்பதால் அங்கே தப்பித்துவிடலாம். அவன், அவள், அது என்று வந்தால் பிரிக்க வேண்டும்: 'ஐ' உருபுக்கு லு, லா, பன்மையில் லே, 'கு' உருபுக்கு லுயி, பன்மையில் லெர். லுயிக்கு ஆண் பெண் கிடையாது, அவனுக்கும் லுயி, அவளுக்கும் லுயி. ஆனால் லு, லாவில் பொருளுக்கும் பால் பார்க்க வேண்டும், கார் பெண்பால் என்பதால் 'அதைப் பார்க்கிறேன்' என்பதும் 'ஜு லா வுவா'தான்.

வேற்றுமை உருபு பெரும்பாலும் காப்பாற்றும். அவனுக்கு போன் செய்தாலும் பதில் சொன்னாலும் லுயி, அவனைத் தேடினால் லு. கவிழ்த்துவிடும் வினைகளும் உண்டு. உதவுவது தமிழில் 'அவனுக்கு', பிரெஞ்சில் 'அவனை'. நானே தேர்வில் அம்மாவுக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு 'ஜு லுயி எத்' என்று எழுதி சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். சரியானது 'ஜு லெத்', உயிரெழுத்துக்கு முன்னால் லு, லா இரண்டும் வெறும் 'ல்' ஆகிவிடும். நன்றி சொல்வதும் அப்படியே, 'ஜு லு ரெமெர்சி'. அவனுக்காகக் காத்திருந்தால் 'ஜு லாத்தான்'. அவனிடம் கேட்டால் மட்டும் லுயி, 'ஜு லுயி துமாந்த்'. இந்த நாலைந்தை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழி இல்லை.

இரண்டு பிரதிப்பெயர் சேர்ந்து வந்தால் வரிசை மாறாது: மு, து, நூ, வூ முதலில், அப்புறம் லு, லா, லே, அதற்கும் பிறகு லுயி, லெர். அதனால் 'இல் மு லு தொன்', ஆனால் 'ஜு லு லுயி தொன்'. (பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே அந்த லுவை விட்டுவிட்டு 'ஜு லுயி தொன்' என்பார்கள், தேர்வுத்தாளில் வேண்டாம்.) எதிர்மறையில் நு, பா இரண்டும் வெளியே நின்று, பிரதிப்பெயரையும் வினையையும் நடுவில் வைத்துக்கொள்ளும்: 'ஜு நு லா வுவா பா'. 'பார்க்கப் போகிறேன்' என்றால் போவதோடு ஒட்டாது, பார்ப்பதோடு ஒட்டும்: 'ஜு வே லா வுவார்'.

இறந்தகாலத்தில் முன்னால் வரும் 'ஐ' உருபுப் பொருள் பெண்பால் என்றால் வினையும் அதற்கேற்ப மாறும். பல வினைகளில் எழுத்தில் மட்டும்தான் தெரியும், சாவி பெண்பால், 'அதை எடுத்தேன்' என்பதில் காதிலும் விழும்: 'ஜு லே ப்ரி' இல்லை, 'ஜு லே ப்ரீஸ்' (இந்த லே பன்மை இல்லை, 'ல்' துணைவினையோடு சேர்ந்தது).

தமிழ்க் கணக்கு உதவாத இடம் ஏவல். 'எனக்கு அதைக் கொடு' என்பது 'தொன் லு முவா', வினை முதலில் வந்துவிடுகிறது, மு என்பதும் முவா ஆகிவிடுகிறது. கொடுக்காதே என்றால் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பும்: 'நு மு லு தொன் பா'.