நாலு வரித் திருத்தம், 1200 வரி மாற்றம்

காரைக்குடியில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பையன் ஒருவன் லேப்டாப்பும் கையுமாக வந்தான். "அண்ணே, கோட் சரியாத்தான் ஓடுது. ஆனா திருப்பி அனுப்பிட்டாங்க" என்றான்.

அவன் பிடித்தது நல்ல பிழை. எழுத்துகளை எண்ணித் தரும் சின்னதொரு திறந்த மூலக் கருவி (அதன் கோட் யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்திருப்பது), 'தமிழ்' என்று கொடுத்தால் ஐந்து என்றது. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். நமக்கு மூன்றே எழுத்து. நாலு வரியில் சரிசெய்திருந்தான். 'என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கருவிக்காரர்களுக்கு அனுப்பிய புல் ரிக்வெஸ்டைத் திறந்து பார்த்தால் 1200 வரி மாறியிருந்தது!

விண்டோஸில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் இருக்கும், லினக்ஸில் ஒன்றுதான். சேமிக்கும்போது எடிட்டர் கோப்பு முழுவதையும் விண்டோஸ் வழக்கத்துக்கு மாற்றிவிட்டது; அதனால் ஒவ்வொரு வரியும் மாறியதாகக் கணக்காயிற்று. போதாததற்கு இவனும் சில மாறிகளின் பெயரை 'அழகாக' மாற்றியிருந்தான். முகப்பில் ஒரு ஆத்தங்குடிக் கல் உடைந்தால் அந்த ஒன்றைப் பெயர்த்துவிட்டு வேறு கல் பதிப்போம். வந்த கொத்தனார் கூடம் முழுக்கக் கொத்திப் போட்டால் ஆச்சி சும்மா விடுவார்களா?

கமிட் செய்யுமுன், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யுமுன், கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியில் 'கிட் டிஃப்' போட்டு மாறிய ஒவ்வொரு வரியையும் பாருங்கள். சம்பந்தமில்லாதது இருந்தால் விலக்குங்கள். மாற்றங்களைத் துண்டு துண்டாகத் தேர்ந்து சேர்க்கும் வசதி கிட்டிலேயே உண்டு. பெயர் மாற்றியே தீர வேண்டுமென்றால் அது தனி கமிட், முடிந்தால் தனி புல் ரிக்வெஸ்ட். படித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருபவர். நாலு வரி என்றால் அன்றைக்கே பார்ப்பார்.

கமிட் செய்தியில் 'பிழை சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தான். எந்தப் பிழை, ஏன் இப்படித் திருத்தினோம் என்று இரண்டு வரி வேண்டும். 'தமிழ்' என்றால் மூன்று வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டும் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேறு யாரோ கை வைக்கும்போது அதே ஐந்து திரும்பி வரும்.

பங்களிப்பு விதிகள் திட்டத்துக்குத் திட்டம் வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பயனில்லை. பேட்ச், அதாவது மாற்றிய வரிகளின் தொகுப்பு, மின்னஞ்சலில்தான் போக வேண்டும். பெரிய வசதி எதையாவது சேர்க்க ஆசையா? முதலில் திட்டத்தின் பக்கத்தில் ஒரு இஷ்யூ (விவாதக் குறிப்பு) திறந்து கேளுங்கள். ஒரு மாதம் உழைத்த பின் 'இது எங்களுக்கு வேண்டாம்' என்று கேட்பது கொடுமை. மாற்றி வெளியிடுவதும் அதே உரிமத்தில்தான் இருக்க வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள கோட் வரிகளை எடுத்து, நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமத் திட்டத்தில் ஒட்டாதீர்கள். ஏஐ எழுதித் தந்ததானாலும், கேட்டால் விளக்கத் தெரியாத வரியை அனுப்பாதீர்கள்.

எண்ணிக்கைக்காக அனுப்புவது எனக்கு அறவே பிடிக்காது. 2020 அக்டோபரில் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்குப் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக, திட்டத்தின் அறிமுகம் சொல்லும் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பலர் அனுப்பிக் குவித்தார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

பையன் கிட்டில் புதுக் கிளை (மூலத்தைத் தொடாத தனிப் பாதை) ஒன்று எடுத்து, நாலு வரியையும் ஒரு டெஸ்டையும் மட்டும் அனுப்பினான். 'புள்ளி இல்லாத எழுத்துகளுக்கும் டெஸ்ட் சேர்க்க முடியுமா?' என்று பதில் வந்திருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.