அப்பப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க முன்

பிரித்தானியாவில் பிள்ளை பிறந்தால் பதிவுக்குக் கெடு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 42 நாள், ஸ்கொட்லாந்தில் 21 நாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பது என்று இருக்கிற வீட்டுக்கு ஸ்கொட்லாந்தில் கெடு தாண்டிவிடும். இங்கிலாந்தில் பதினொரு நாள்தான் மிஞ்சும். அப்பப்பாவின் பெயரை வைக்கப்போகிறீர்கள் என்றால் பிறப்பதற்கு முதலே கணக்குப் பார்த்துவிடுங்கள்.

சிக்கல் இதுதான். இலங்கையில், ஊரில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னுக்கு நிற்பது தகப்பன் பெயர், அது ஒவ்வொரு தலைமுறையும் மாறும். பேரன் என்றால் பெயரன், அதனால் ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்பி வரும். சின்னத்தம்பியின் மகன் கந்தையா, கந்தையாவின் மகன் சின்னத்தம்பி. கந்தையா இங்கே வந்து இறங்கும்போது கடவுச்சீட்டின் ‘சேர்நேம்’ இடத்தில் சின்னத்தம்பி இருக்கும். அன்றோடு அந்தப் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோகும். மகனுக்கு முறைப்படி பெயர் வைத்தால் பிள்ளை பள்ளிக்கூட இடாப்பில் ‘சின்னத்தம்பி சின்னத்தம்பி’. பிழையாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்று யாராவது ஒன்றை வெட்டிவிடுவார்கள். பிறகு பத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது.

இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளையின் குடும்பப் பெயர் தாய் தகப்பனுடையதாக இருக்கவேண்டும் என்றில்லை. குடும்பப் பெயர் இடத்தில் கந்தையா என்று எழுதினால் ஊர் முறை அப்படியே நிற்கும். ஆனால் தகப்பனுக்கு ஒன்று, பிள்ளைக்கு இன்னொன்று என்றால் விமான நிலையத்தில் கேள்வி வரும். பெற்றோர் பெயர் உள்ள நீளப் பிறப்புப் பத்திரத்தைக் கையோடு வைத்திருங்கள். குட்டிப் பத்திரத்தில் அந்த விபரம் இல்லை. அடுத்த பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்கைப் பிடிக்கவேண்டும். இங்கேயே தங்கப்போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது வேறு: சின்னத்தம்பி குடும்பப் பெயராகவே இருக்கட்டும். அப்பப்பா பெயர் ஏற்கெனவே பிள்ளையிடம் வந்துவிட்டது, பெண் பிள்ளைக்கும் சேர்த்து. முதற்பெயருக்கு அம்மப்பாவைக் கூப்பிடலாம். அப்பப்பாவுக்கு மனத்தாங்கல் வந்தால் கடவுச்சீட்டைத் திறந்து காட்டுங்கள்.

அவசரத்தில் பதிந்துவிட்டால், பதிந்து 12 மாதத்துக்குள் வைத்துக் கூப்பிடத் தொடங்கிய முதற்பெயரை ஒரே ஒரு தடவை பதிவில் சேர்க்க இங்கிலாந்தில் வழி உண்டு. பழைய பெயரும் பதிவில் தெரியும். குடும்பப் பெயருக்கு இந்தச் சலுகை கிடையாது.

வம்சாவளி எழுதும்போது இதே வழக்கம் வேறு விதமாகக் காலை வாரும். தாத்தாவும் ‘க. சின்னத்தம்பி’, பேரனும் ‘க. சின்னத்தம்பி’, இருவருக்கும் தகப்பன் ஒரு கந்தையாதான். செட்டிநாட்டிலும் இதே கதை: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் தகப்பனும் முத்தையா, மகனும் முத்தையா. தலைப்பெழுத்தை நம்பினால் இரண்டு ஆட்கள் ஒருவராகிவிடுவார்கள், நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போகும். ஊர்க் காணி உறுதியில் இருப்பது எந்தச் சின்னத்தம்பி என்று தெரியாமல் திண்டாடுவது இதனால்தான்.

பிரித்துக் காட்டுவது பிறந்த ஆண்டு. இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதத் தனிக் கூடு உண்டு. முதலில் அதைப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் உள்ளபடி எழுதுங்கள். ஒரு பத்திரத்தில் ‘எஸ்’சில் தொடங்கி ‘வை’யில் முடியும் சின்னத்தம்பி இன்னொன்றில் ‘சி, எச்’சில் தொடங்கி ‘ஐ’யில் முடிவார். பக்கத்தில் வீட்டுப்பேரையும் குறியுங்கள். மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று மருமகள் பிள்ளையை ‘ராசன்’ என்று கூப்பிட்டிருப்பாள். ஊரில் விசாரித்தால் பழைய ஆட்களுக்குத் தெரிவது அந்த ராசனைத்தான்.