திரும்பி வந்த மானிய விண்ணப்பத்தைச் சரிசெய்த விதம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் உரக்குழிக்கும் கணினி வகுப்புக்கும் சேர்த்துக் கேட்ட சிறுமானியம், 'செலவுக் கணக்கு பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தது. கோளாறு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியில். கடைக்காரர் தந்த விலைப்புள்ளியில் பழைய மடிக்கணினி ஒன்று 4,500 ராண்ட், ஆறுக்கு 27,000. கீழே பொடி எழுத்தில் 'வரி தனி'. 15 சதவீதம் கூட்டினால் 31,050. வாட்டில் பதிவு செய்யாத சங்கத்துக்கு அந்த 4,050 திரும்பக் கிடைக்காது. அதனால் வரி சேர்ந்த தொகையையே கேட்க வேண்டும். 'வரி உட்பட' என்று புது விலைப்புள்ளி வாங்கி, தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து இணைத்தேன்.

அடுத்தது செலவில் சங்கம் தன் பக்கத்திலிருந்து ஏற்கும் பங்கு. 'தொண்டர் உழைப்பு' என்று மொட்டையாக எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். மணிக்கணக்கைத் தேசியக் குறைந்தபட்ச ஊதியத்தால் பெருக்கி, மண்டப வாடகையைத் தனி இனமாகக் காட்டினேன்.

உரக்குழியின் பயனைச் சொல்லும் இடத்தில் 'விழிப்புணர்வு' போன்ற அளக்க முடியாத சொற்களை நீக்கிவிட்டு, கோயில் சமையலறைக் காய்கறிக் கழிவை வாரந்தோறும் தொங்கு தராசில் நிறுத்துக் குறிப்பது என்று மாற்றினேன். கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு, மூன்று பங்கு. சருகு குறைந்தால் நாறும், பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் சங்கப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் போகாவிட்டால் பதிவு ரத்தாகலாம். விண்ணப்பத்தைத் தொடுமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்.