பட்டறையைத் தொடங்கியவரின் கதையை எழுதி வைப்பது எப்படி

உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ மரப்பட்டறை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர் என்றால், அவர் கதையை எழுத வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். தோன்றிய அன்றே ஆரம்பித்துவிடுங்கள். நான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன், அதற்குள் தாத்தாவுக்குக் காது போய்விட்டது. ஒவ்வொரு கேள்வியையும் தெருவே கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்தது.

முதலில் ஒன்று. நாற்காலியில் உட்கார வைத்து "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்காதீர்கள். "என்னத்தடா சொல்ல, உழைச்சோம், சாப்பிட்டோம்" என்று இரண்டே வரியில் முடிந்துவிடும். பழைய உளிப்பெட்டியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வையுங்கள். எங்கள் தாத்தா இழைப்புளியைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் அதன் வாயைத் தடவிப் பார்த்தார், "இதைத் தீட்டி எத்தனை நாளாச்சு" என்று என்னைத் திட்டினார், அப்புறம் ஒன்றரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. அந்த இழைப்புளியின் பிடியில் அவர் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, என் கை அதில் பொருந்தவில்லை. இந்த மாதிரி விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ய போன் போதும். ஆனால் போனை வேலை மேசைமேல் அப்படியே வைக்காதீர்கள், அவர் பேசும்போது மேசையைத் தட்டுவார், தட்டுகிற சத்தம்தான் பதிவாகும். ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது வருஷம். பெரியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், "தனுஷ்கோடி போன வருஷம்" என்பார்கள். அது புயலில் அந்த ஊர் அழிந்த 1964 டிசம்பர். "எம்.ஜி.ஆர். செத்தப்போ உன் அத்தை கைக்குழந்தை" என்றால் 1987 டிசம்பர். பழைய கணக்கு நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கூலியை அணாவில் எழுதியிருந்தால் 1957-க்கு முந்தியது, அல்லது அதை ஒட்டியது. நயா பைசா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964-க்கும் நடுவில், ஏனென்றால் 1964-இல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். அடி, அங்குலத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு பண்ணாதீர்கள், இன்றைக்கும் ஆசாரிகள் அங்குலத்தில்தான் பேசுகிறார்கள். பசை பற்றிக் கேளுங்கள். வச்சிரத்தை, அதாவது மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற பசையைக் காய்ச்சி ஒட்டிய காலம், ஃபெவிகால் வந்த பிறகான காலம் என்று வேலையையே இரண்டாகப் பிரிக்கலாம். ஃபெவிகால் வந்தது 1959-இல். உங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள், அப்பாயியிடம் கேளுங்கள். முதல் மெஷின் வாங்க எந்த நகை அடகுக்குப் போனது, அது திரும்பி வந்ததா இல்லையா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தாத்தா "கையில இருந்ததை வச்சு வாங்கினேன்" என்பார். அந்தக் கையில் வளையல் இருந்ததை அவர் சொல்ல மாட்டார்.

இப்போது எல்லோரும் தப்புப் பண்ணுகிற இடம். எழுத உட்கார்ந்ததும் வாழ்த்து மடல் மாதிரி ஆகிவிடும். நேர்மையானவர், கடின உழைப்பாளி, எல்லோருக்கும் உதவியவர். இதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியாது. டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற சின்ன ஊரில் 1916-இல் ஒரு தச்சுப்பட்டறையை வாங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனை எடுத்துக்கொள்ளுங்கள், லெகோ பொம்மைக் கம்பெனியைத் தொடங்கியவர். 1924-இல் அவருடைய சின்னப் பையன்கள் மரச்சுருளில் நெருப்பு வைத்துப் பட்டறையும் வீடும் எரிந்தன. 1932-இல் வேலை வறண்டு கிடந்த நேரத்தில் மனைவி இறந்தார், நான்கு பிள்ளைகள். ஏணியும் இஸ்திரிப் பலகையும் செய்துகொண்டிருந்தவர் பொம்மைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். இதெல்லாம் இருந்தும் அவர் யார் என்று எனக்குப் புரிந்தது வேறொரு சின்னச் சம்பவத்தில். மகன் கோட்ஃப்ரெட் ஒரு நாள் மர வாத்துகளுக்கு மூன்று தடவை அடிக்க வேண்டிய வார்னிஷை இரண்டே தடவை அடித்து அனுப்பிவிட்டு, காசு மிச்சம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். அப்பா அந்தப் பெட்டிகளை ரயில் நிலையத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்து மூன்றாவது தடவையும் அடிக்கச் சொன்னார், அதுவும் தனியாக, ராத்திரி முழுக்க உட்கார்ந்து. நேர்மையானவர் என்று எழுதத் தேவையே இல்லை, பார்த்தீர்களா. உங்கள் தாத்தாவிடம் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். "எதையாவது பிரிச்சுத் திரும்பச் செஞ்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். கழுந்து (துளையில் செருகுகிற மர முனை) சரியாக உட்காராத கதவு நிலை, வெயிலில் வளைந்துபோன காயாத பச்சை மரக் கதவு, காசு தராமல் இழுத்தடித்த கல்யாண வீடு என்று வரிசையாக வரும்.

வாடிக்கையாளர் வீடுகளுக்கும் போய்ப் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அலமாரியின் இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பாலிஷ் போகாத அடிப்பலகையில் பென்சில் கணக்கு இருக்கும். எனக்கு ஒரு பழைய பீரோவில் கிடைத்தது: மரத்தின் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி போட்டிருந்த கணக்கு. போனில் படமெடுத்துக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் எழுத்து இல்லடா. எங்க அண்ணன் எழுத்து. பட்டறைக்கு இடம் பிடிச்சதே அவருதான்."

அதுவரைக்கும் அந்த அண்ணன் பெயரையே யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அதனால் முதல் அத்தியாயத்தைக் கடைசியில் எழுதுங்கள். நான் எழுதி வைத்திருந்த பதினோரு பக்கத்தைக் கிழிக்க வேண்டியதாயிற்று.