கண்நோய்க்கு வைத்தியசாலைக்குப் போவது எப்போது, எப்படி

கண் சிவந்து, மணல் விழுந்தது போல் உறுத்தி, காலையில் இமைகள் பூளையால் ஒட்டிக்கொள்ளும் கண்நோய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவுக்குள் (அறைக்குள்) நுழைந்தால், அடுத்த காம்பராக்களுக்குப் பரவ அதிக நாள் எடுப்பதில்லை. பெரும்பாலும் அடினோ வைரஸால் வரும் இந்நோய் ஓரிரு வாரங்களில் தானாகவே ஆறிவிடும். சிலருக்கு மூன்று வாரம் வரை இழுக்கலாம். ஆகவே வைத்தியரிடம் போவதன் முதல் பயன், வந்திருப்பது சாதாரணக் கண்நோய்தானா, பார்வையைக் கெடுக்கக்கூடிய வேறொன்றா என்று தெரிந்துகொள்வதாகும்.

கண்ணுக்குள் கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், பூளையைத் துடைத்த பின்னும் நீங்காத மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. பிறந்து ஒரு மாதம் நிறையாத குழந்தையின் கண் சிவந்து பூளை தள்ளினாலும், கண்ணில் கொன்டக்ட் லென்ஸ் அணிபவருக்குச் சிவப்பு வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது மிலாறு (வெட்டிய குச்சி) கண்ணில் பட்டு, அதன் பிறகு சிவந்த கண்ணைக் கண்நோய் என்று எண்ணி வீட்டில் இருப்பது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் செடி கொடி கீறிய கருவிழியில் பூஞ்சைப் புண் உண்டாகி, தாமதித்தால் தழும்பு நிலைத்துவிடும். புல்லுக்கு அடிக்கும் மருந்து தெறித்தால் வைத்தியசாலையை யோசிப்பதற்கு முன், ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு, மருந்துப் போத்தலின் லேபலையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

இத்தகைய அறிகுறிகள் இல்லாதவர்கள் தோட்ட மருந்தகத்திலோ, அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காலையில் காட்டினால் போதும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. இரவிலும் அவசரத்திலும் டிக்கோயா, நுவரெலியா போன்ற பெரிய வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம். வாகனம் கிடைக்காத ஆபத்தான நிலையில் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம். நிபுணர் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் கருதினால், கண்டி தேசிய வைத்தியசாலை போன்று கண் சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குக் கடிதம் தருவார். அக்கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

வரிசையில் நெடுநேரம் நின்றாலும் வைத்தியரின் முன் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், எந்தக் கண்ணில் எப்போது தொடங்கியது, பூளை தண்ணீராகவா மஞ்சளாகவா வருகிறது, அரிப்பா வலியா, வீட்டில் வேறு யாருக்கு உண்டு, இதுவரை எதை ஊற்றினீர்கள் என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செல்லுங்கள். சிங்களம் மட்டும் பேசும் வைத்தியராக இருக்கலாம் என்று தோன்றினால், அம்மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. தாய்ப்பால், தேயிலைச் சாயம், பூச்சாறு எதையாவது ஊற்றியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்; வைத்தியர் கோபித்தாலும் அந்தத் தகவல் அவருக்குத் தேவை.

வைரஸ் என்றால் நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து வேலை செய்யாது. வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்று குறைப்படுவதில் பொருளில்லை. மஞ்சள் அல்லது பச்சைப் பூளை திரண்டு வந்தால் குளோரம்பெனிகோல் போன்ற சொட்டு மருந்து தரக்கூடும். அதை இடுவதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவி, கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒருமுறை துடைத்து அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு, மற்றக் கண்ணுக்கு வேறு பஞ்சு எடுங்கள். தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்து உண்டாகும் சிறு குழியில் ஒரு சொட்டு விட்டால் போதும். போத்தலின் நுனி கண்ணிலோ இமை மயிரிலோ படக் கூடாது. பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரத்தை மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். பாமசியில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்து சிவப்பை விரைவில் தணித்தாலும், ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியையே பாழாக்கும்.

நோயுள்ளவரைப் பார்ப்பதால் இது தொற்றுவதில்லை. பெரும்பாலும் கண்ணீர் பட்ட கை, துவாய், தலையணை வழியாகத்தான் தொற்றுகிறது. பலர் கூடும் பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) முகம் கழுவுவதைத் தவிர்த்து, தனி வாளியில் தண்ணீர் எடுத்துக் கழுவுங்கள். கண்ணீரும் பூளையும் ஓயும்வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதிருப்பது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகாவிட்டால் அன்றைய பேர் (நாள் கூலி) விழாது என்பதால் வேலைக்குச் செல்லும் தொழிலாளரைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் வைத்தியரிடமிருந்து எழுந்து வருவதற்கு முன்பே மெடிக்கல் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், பின்னர் அதற்காக மீண்டும் வரிசையில் நிற்க நேராது.

மூன்று நாட்களில் குறையாமல் கூடினாலோ, வலியோ மங்கலோ புதிதாகத் தோன்றினாலோ மீண்டும் காட்டுங்கள். திறந்த சொட்டு மருந்துப் போத்தலைச் சிகிச்சை முடிந்ததும், மிஞ்சினாலும் நான்கு வாரத்துக்கு மேல் வைக்காமல், எறிந்துவிடுங்கள். பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது கண் சிவந்து அதைக் கேட்டு வந்தாலும் கொடுக்க வேண்டாம்.